வெளிநாட்டில் கிராஃப்ட் பீர் ப்ரூவரி: ஜப்பானா, வியட்நாமா, தாய்லாந்தா, சிங்கப்பூரா?

வெளிநாட்டில் சின்னதாக ஒரு கிராஃப்ட் பீர் ப்ரூவரி, அதாவது சிறிய அளவில் தனி ருசியோடு பீர் காய்ச்சும் ஆலை போடலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் ருசியில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். எந்த ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ), எந்த ஈஸ்ட், மாம்பழம் போட்டால் எப்படி இருக்கும், நன்னாரி எடுபடுமா. அடுத்து டேங்க் விலை வரும். ஊரும் கட்டடமும் மனதுக்குள் முடிவான பிறகு, கடைசியாக, "அங்கே வரி எப்படி?" என்று ஒரு கேள்வி. உணவகங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் கணக்குப் பார்க்கிறவன் நான். என்னைக் கேட்டால் அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒரு நாடு பீருக்கு எந்தக் கணக்கில் வரி போடுகிறது என்பதை வைத்துத்தான் அங்கே எந்த பீர் பிழைக்கும் என்பது முடிவாகிறது. ருசி அதற்குள் அடங்கித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் இங்கே தொடப்போவதில்லை. அங்கே தெருவுக்குத் தெரு ப்ரூவரி வந்துவிட்டது. வெளியூர்க்காரர் போய்ப் புதிதாகச் செய்ய இடம் குறைவு. ஆசியாவில் இன்னும் இடம் இருக்கிறது. வெளிநாட்டவர் வந்து தொடங்கி நிலைத்த முன்னுதாரணங்களும் உண்டு. இங்கே இருக்கிற நம்மவர்கள் விசாரிப்பது பெரும்பாலும் நான்கு நாடுகளைப் பற்றி: ஜப்பான், வியட்நாம், தாய்லாந்து, சிங்கப்பூர். இந்த நான்கும் பீருக்கு வரி போடுவது நான்கு விதமாக.

ஒரே பாட்டில், நான்கு வரி

330 மில்லி பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று 4.5 சதவீத ஆல்கஹால் உள்ள லேசான பேல் ஏல். இன்னொன்று 10 சதவீதம் உள்ள, கோக்கோ போட்ட கருப்பு ஸ்டவுட்; செலவும் விலையும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஜப்பானில் வரி லிட்டர் கணக்கு. பீருக்கு 2023 அக்டோபரிலிருந்து கிலோலிட்டருக்கு (ஆயிரம் லிட்டருக்கு) 1,81,000 யென். 2026 அக்டோபரிலிருந்து 1,55,000 யென் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். முதல் விகிதத்தில் பாட்டிலுக்கு ஏறக்குறைய 60 யென், இரண்டாவதில் 51 யென். பேல் ஏலுக்கும் அதேதான், ஸ்டவுட்டுக்கும் அதேதான். நீங்கள் பாட்டிலை 500 யென்னுக்கு விற்றாலும் 1,000 யென்னுக்கு விற்றாலும் வரி அதிகாரிக்குக் கவலை இல்லை.

சிங்கப்பூரில் கணக்கு பாட்டிலுக்குள் இருக்கும் சுத்த ஆல்கஹாலுக்கு. லிட்டருக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கலால் வரி. பேல் ஏலுக்கு 89 காசு, ஸ்டவுட்டுக்கு 1 வெள்ளி 98 காசு. காட்டம் ஏற ஏற வரியும் ஏறும்.

வியட்நாமில் விலைக்கு வரி. ப்ரூவரியிலிருந்து வெளியே போகும் விலையில் 65 சதவீதம் சிறப்பு நுகர்வு வரி, அதற்கு மேல் 10 சதவீத மதிப்புக்கூட்டு வரி. பேல் ஏலை 30,000 டாங்குக்குக் கொடுத்தால் சிறப்பு நுகர்வு வரி மட்டும் 19,500. ஸ்டவுட்டை 60,000-க்குக் கொடுத்தால் 39,000.

தாய்லாந்து இரண்டையும் சேர்த்துப் போடுகிறது: பரிந்துரைக்கப்பட்ட சில்லறை விலையில் 22 சதவீதம், கூடவே சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 430 பாட். பேல் ஏல் 120 பாட், ஸ்டவுட் 220 பாட் என்று வைத்துக்கொண்டால் முதலாவதுக்கு 33 பாட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவதுக்குச் சுமார் 63 பாட்.

இந்தக் கணக்கைப் பார்த்தாலே ஒவ்வொரு நாடும் எந்த பீரை விரும்புகிறது என்பது தெரிந்துவிடும். காட்டமான, விலை உயர்ந்த, விசித்திரமான பீர் செய்ய ஆசை என்றால் ஜப்பான் உங்களைத் தண்டிப்பதில்லை. சிங்கப்பூர் லேசான பீரைச் செய்யச் சொல்கிறது. வியட்நாம் மலிவான பீரைச் செய்யச் சொல்கிறது; அது ஏன் கிராஃப்ட் ஆட்களுக்கு இவ்வளவு வலிக்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஜப்பான்: மெதுவாக, ஆனால் நிலையாக

1994 வரை ஜப்பானில் பீர் உரிமம் வேண்டுமென்றால் வருடத்துக்குக் குறைந்தது 20 லட்சம் லிட்டர் காய்ச்ச வேண்டும். ஒரு சில பெரிய கம்பெனிகளைத் தவிர வேறு யாரும் உள்ளே வர முடியாதபடி போட்ட வேலி அது. அந்த வருடம் அளவை 60,000 லிட்டராகக் குறைத்தார்கள். ஊருக்கு ஊர் உள்ளூர் பீர் முளைத்தது. பல இடங்களில் அது சுற்றுலாப் பயணி ஒரு தடவை வாங்கிப்போகும் நினைவுப்பொருளாகவே இருந்ததால், சில வருடங்களிலேயே வரிசையாக மூடவும் செய்தார்கள்.

அந்தச் சரிவுக்கு நடுவில், 2000-இல், பிரையன் பேர்ட் என்ற அமெரிக்கர் தன் மனைவி சயூரியுடன் ஷிசுவோகா மாநிலத்தின் நுமாசு துறைமுகத்தில், மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டேப்ரூம் (தான் காய்ச்சிய பீரைக் கிளாஸில் ஊற்றி விற்கும் கடை) திறந்தார். அவர் ஆரம்பித்தது ஒரு தடவைக்கு 30 லிட்டர் காய்ச்சும் அமைப்பில். நம் ஊர்க் கல்யாண சாம்பார் அண்டாகூட அதைவிடப் பெரிது. பிறகு படிப்படியாக வளர்ந்து, 2014-இல் இசு தீபகற்பத்தின் ஷுசென்ஜிக்குப் பெரிய ப்ரூவரியோடு போனார். மிக்கான் என்ற ஜப்பானிய ஆரஞ்சு போட்ட ஏல் ஒன்று அவருடையது. அதற்குப் பழம் கொடுப்பவர் அவருக்குக் கடை கட்டிக் கொடுத்த தச்சர். பீரின் பெயரிலேயே தச்சரைச் சேர்த்திருக்கிறார்கள். ஜப்பானில் ஒரு வெளிநாட்டவரின் பீர் உள்ளூர் பீராக மாறுவது இப்படிப்பட்ட உறவுகளால்தான், விளம்பரத்தால் அல்ல. 2015-இல் கியோட்டோவில் ஒரு கனடாக்காரர், ஒரு அமெரிக்கர், ஒரு வேல்ஸ்காரர் என்று மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய கியோட்டோ ப்ரூயிங்கும் நிலைத்துவிட்டது. அவர்களும் அதற்கு முன் பல வருடங்கள் ஜப்பானில் வாழ்ந்து, மொழி பழகியவர்கள்.

இங்கே உரிமம் தருவது வரித்துறை அலுவலகம். பீர் உரிமத்துக்கு வருடம் 60 கிலோலிட்டர் குறைந்தபட்சம். நாளுக்கு ஏறத்தாழ 500 பாட்டில் என்று கணக்கு. புதிதாக வருகிறவருக்கு அது மலை. அதனால் சிறியவர்கள் பலரும் ஹப்போஷு உரிமம் வாங்குகிறார்கள். மால்ட் (முளைகட்டிய தானியம்) பங்கு குறைவான, அல்லது பழம், மசாலா போன்றவை பீர் வரையறையைத் தாண்டிச் சேர்ந்த பானம் அது. அதற்கு வருடம் 6 கிலோலிட்டர் போதும். நாளுக்கு ஐம்பது பாட்டில். ஒரு நல்ல டேப்ரூமே அதைத் தீர்த்துவிடும். யூசு என்ற எலுமிச்சை வகையின் தோலும் சன்ஷோ மிளகும் ஜப்பான் கிராஃப்ட் பீரில் இவ்வளவு வருவதற்கு ருசி மட்டும் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், பாதிக் காரணம் இந்தப் படிவம்தான்.

விண்ணப்பத்தோடு பயிற்சிச் சான்று, பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம், இடத்தின் வரைபடம், யார் வாங்கப்போகிறார்கள் என்பதற்கான கடிதங்கள் எல்லாம் கேட்பார்கள். பரிசீலனைக்கு வழக்கமான கால அளவு நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் காலியாக இருக்கும் கட்டடத்துக்கு வாடகை ஓடும். முதலீட்டுத் தாளில் இந்தச் செலவை எழுதாதவர்கள்தான் அதிகம். வீட்டில் காய்ச்சிப் பழகலாம் என்றால் அதுவும் முடியாது; ஒரு சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் வரும் எதையும் உரிமமில்லாமல் காய்ச்சக் கூடாது. யாராவது ஒருவரின் ப்ரூவரியில் சேர்ந்து வேலை செய்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் 2025 வரைக்கும் சமாளிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. தொழில் நடத்துவதற்கான விசாவுக்கு 50 லட்சம் யென் மூலதனம் போதுமாயிருந்தது. 2025 அக்டோபர் 16 முதல் அதை 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள். ஏறத்தாழ 2 லட்சம் அமெரிக்க டாலர். முழுநேர ஊழியர் ஒருவராவது வேண்டும், உங்களுக்கோ ஊழியருக்கோ நல்ல ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும், நிர்வாக அனுபவமோ முதுகலைப் பட்டமோ காட்ட வேண்டும். பேர்ட் மாதிரி 30 லிட்டரில் தொடங்கும் வழி, கையில் சூட்கேஸோடு புதிதாக வருகிறவருக்கு இப்போது அடைபட்டுவிட்டது. ஜப்பானிய வாழ்க்கைத்துணை மூலமாகவோ நிரந்தர வசிப்புரிமை மூலமாகவோ ஏற்கெனவே அங்கே இருப்பவருக்கு மட்டும் அது திறந்திருக்கிறது. அப்படி ஒருவர் இதைப் படித்தால், மற்ற மூன்று நாடுகளையும் மறந்துவிடலாம் என்பேன்.

வியட்நாம்: வாசல் திறந்திருக்கிறது, கூரை இறங்கிக்கொண்டிருக்கிறது

சாய்கோனில் (ஹோ சி மின் நகரம்) கிராஃப்ட் பீர் அலையைத் தொடங்கியவர்களில் முக்கியமானது பாஸ்டர் ஸ்ட்ரீட் ப்ரூயிங். அமெரிக்கர்கள் தொடங்கியது, 2014-15 வாக்கில். பாஸ்டர் தெருவிலிருந்து ஒரு சந்துக்குள் போய், மாடி ஏறினால் சின்ன டேப்ரூம். மல்லிகைப்பூ போட்ட ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான கசப்பு ஏல்), பேஷன் ஃப்ரூட் போட்ட கோதுமை பீர். உள்ளூர் மாரூ சாக்லேட்டின் கோக்கோவில் செய்த அவர்களுடைய சைக்ளோ ஸ்டவுட் 2016 உலக பீர் கோப்பையில் சாக்லேட் பீர் பிரிவில் தங்கம் வாங்கியது. ஜான் பெம்பர்ட்டன் என்ற வெளிநாட்டவர் தொடங்கிய ஹார்ட் ஆஃப் டார்க்னஸ் 2016-இல் வந்தது. வெளிநாட்டவர் முழுப் பங்கையும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு பீர் உற்பத்தி செய்ய முடிகிற நாடு என்பதுதான் இத்தனைக்கும் அடிப்படை. தாய்லாந்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

விசாவும் முதலீட்டைப் பொறுத்தது. 300 கோடி டாங்குக்குக் கீழே போட்டால் ஒரு வருட விசாதான்; தற்காலிகக் குடியிருப்பு அட்டை கிடைக்காது. 300 கோடிக்கு மேல், அதாவது சுமார் 1.15 லட்சம் டாலருக்கு மேல் போட்டால் மூன்று வருடம் வரை அட்டை. 300 கோடி என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே ஒரு பிளேட் நூடுல்ஸே ஆயிரக்கணக்கில்தான். இந்தியாவில் வசிக்கிற ஒருவர் வருடத்துக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்ற ரிசர்வ் வங்கி வரம்புக்குள் இது அடங்கிவிடும். ஜப்பானுக்கான 3 கோடி யென்னும் அதற்குள்தான் அடங்கும், ஆனால் டேங்க் வாங்க அந்த வருடம் அதிகம் மிச்சம் இருக்காது.

இப்போது வலிக்கும் இடத்துக்கு வருவோம். விலைக்கு வரி என்பது கிராஃப்ட் பீருக்கு ஏன் எதிரி? ஒரு பாட்டிலில் 10,000 டாங்குக்குக் கூடுதலாகக் கோக்கோ போடுகிறீர்கள், லாபமே வேண்டாம், செலவை மட்டும் எடுக்கப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். 65 சதவீதம் ஏறி 16,500. மதிப்புக்கூட்டு வரியும் ஏறி 18,150. வாங்குகிறவர் 10,000 டாங் ருசிக்கு 18,150 கொடுக்கிறார். 2025 ஜூனில் நிறைவேறிய சட்டப்படி இந்த 65 சதவீதம் 2027-இல் 70 ஆகி, வருடம் ஐந்து ஐந்தாக ஏறி 2031-இல் 90-ஐத் தொடும். அப்போது அதே கோக்கோ 20,900. பெரிய கம்பெனிகள் காய்ச்சும் லாகர் என்ற சாதாரணப் பீருக்கும் இதே சதவீதம்தான், ஆனால் அவர்களுடைய அடக்க விலை மிகக் குறைவு; 90 சதவீதம் ஏறினாலும் சில ஆயிரம் டாங்தான் கூடும். உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை வரியே பெருக்கிக் காட்டுகிறது.

அந்த வித்தியாசம் ஏற்கெனவே பெரியது. ஹனோயில் தெரு ஓரப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குடிக்கும் அன்றாடப் பீரான பியா ஹோய் ஒரு கிளாஸ் பத்து, பதினைந்தாயிரம் டாங்குக்குக் கிடைக்கும். கிராஃப்ட் டேப்ரூமில் ஒரு கிளாஸ் லட்சத்தைத் தொடும். ஆகவே வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், வெளிநாட்டவர், சுற்றுலாப் பயணிகள், சம்பளம் உயர்ந்த உள்ளூர் இளைஞர்கள். முதல் இரண்டு கூட்டம் எவ்வளவு நிச்சயமில்லாதது என்பது கொரோனாவில் தெரிந்தது: சுற்றுலாவுக்கு எல்லை முழுமையாகத் திறந்தது 2022 மார்ச் 15-ஆம் தேதிதான். இரண்டு வருடம் மூன்றாவது கூட்டத்தை மட்டும் நம்பி ஓட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது கூட்டம் பைக்கில் வரும். 2020 ஜனவரி முதல் வாகனம் ஓட்டுபவர் மூச்சில் ஆல்கஹால் துளியும் இருக்கக் கூடாது என்று சட்டம். 2025 ஜனவரியிலிருந்து அபராதம் இன்னும் ஏறி, உச்ச அளவுக்குப் பைக் ஓட்டுபவருக்கு 80 லட்சம் முதல் 1 கோடி டாங். பைக்கையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள். பீர் விற்பனையே சரிந்து, ஹைனகன் 2024-இல் குவாங் நாம் மாநில ஆலையை நிறுத்திவைக்கும் அளவுக்கு வந்தது. இதில் பெரிய கம்பெனிகளுக்குத்தான் அடி அதிகம். நடந்து வந்து குடித்துவிட்டு நடந்தோ வாடகை வண்டியிலோ போகிற இடத்தில் டேப்ரூம் இருந்தால் தப்பிக்கலாம். சாய்கோனின் மையமான பழைய முதல் மாவட்டத்திலோ, வெளிநாட்டவர் அதிகம் வசிக்கும் தாவோ தியெனிலோ வாடகை கூட என்று நகரத்துக்கு வெளியே போகிறவர், மிச்சம் பிடித்த வாடகையை விற்பனையில் இழப்பார்.

பிறகு வெப்பம். கொதித்த மால்ட் சாற்றை ஈஸ்ட் போடும் முன் 20 டிகிரி பக்கம் கொண்டுவர வேண்டும். நுமாசுவில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரே அதை முடித்துவிடும். சாய்கோனில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரே 28, 30 டிகிரி. எவ்வளவு நல்ல வெப்பமாற்றி வாங்கினாலும், உள்ளே விடுகிற தண்ணீரைவிடக் குளிர்ச்சியாகச் சாறு வெளியே வராது. ஆகவே தனியாக ஒரு குளிர்நீர்த் தொட்டி, அதைக் குளிர்விக்கப் பெரிய சில்லர், அது நின்றால் ஓட ஜெனரேட்டர். டேங்க் விலைப்பட்டியலை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இந்த மூன்றையும் விட்டுவிடுவார்கள். கெக் (பீர் பீப்பாய்) வெளியே போன பிறகும் இதே கதைதான்: மதிய வெயிலில் லாரியில் கிடந்த ஐபிஏ இரண்டு வாரத்தில் ஹாப்ஸ் வாசனை போய்ச் சப்பென்று ஆகிவிடும். குறை சொல்கிற வாடிக்கையாளர் லாரியைக் குறை சொல்ல மாட்டார், உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

தாய்லாந்து: கூட்டாளி கிடைத்தால்

தாய்லாந்தை நேசிக்காதவர் கிடையாது. உணவு, கடற்கரை, சுற்றுலாக் கூட்டம் எல்லாம் கிராஃப்ட் பீருக்கென்றே அமைந்தது போல இருக்கும். சட்டம்தான் வேறு மாதிரி. சிங்கா, லியோ செய்யும் பூன் ராவ்ட், சாங் செய்யும் தாய்பெவ் என்று இரண்டு குடும்ப சாம்ராஜ்யங்கள் சந்தையை வைத்திருக்கின்றன. முன்பு அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்கும் சிறு ப்ரூவரிக்குக்கூட 1 கோடி பாட் மூலதனமும் வருடம் 1 லட்சம் லிட்டர் குறைந்தபட்சமும் வேண்டும். பாட்டிலில் அடைத்து விற்கும் ஆலை என்றால் வருடம் 1 கோடி லிட்டர்.

தௌபிபோப் லிம்ஜித்ரகோன் என்ற இளைஞர் 2017 ஜனவரியில் வீட்டில் பீர் காய்ச்சியதற்குக் கைதானார். 2019-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். சிறு உற்பத்தியாளர்களுக்காக அவர் முன்னெடுத்த மசோதா 2022 நவம்பரில் 194-க்கு 196 என்று இரண்டே வாக்கில் தோற்றது. தோற்பதற்கு முந்தைய நாள்தான் அரசு தன் விதிகளைத் தளர்த்தி, அந்த மூலதன நிபந்தனையையும் சிறு ப்ரூவரிக்கான குறைந்தபட்ச அளவையும் எடுத்தது. மசோதாவைத் தோற்கடிக்க வேண்டிய அளவுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இந்தத் தளர்வு தாய் குடிமக்களுக்குத்தான் முழுப் பலன். 1999-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் தொழில் சட்டத்தில், பங்கில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் இருந்தால் அது வெளிநாட்டு நிறுவனம்; உணவு, பானம் விற்பதற்கே தனி அனுமதி வேண்டும். ஆக நடைமுறையில் உங்களுக்கு 49 சதவீதம். மீதியை யார் பெயரிலாவது ஒப்புக்கு வைத்து ஓட்டலாம் என்று பாங்காக் மதுக்கூடங்களில் அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. பினாமிப் பங்கு அங்கே குற்றம். மூன்று வருடம் வரை சிறை, 10 லட்சம் பாட் வரை அபராதம். வெளிநாட்டவர் ஒருவர் வேலை செய்ய அனுமதி வாங்குவதற்கு வழக்கமாக நிறுவனத்துக்கு 20 லட்சம் பாட் மூலதனமும் நான்கு தாய் ஊழியர்களும் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கெடுபிடி அதிகமாயிருந்த வருடங்களில் தாய்க்காரர்களே எல்லை தாண்டிப் போய்க் காய்ச்சினார்கள். ஸ்டோன் ஹெட் என்ற குழு கம்போடியாவின் கோ கோங்கில் ப்ரூவரி போட்டு, அங்கே செய்த பீரைத் தாய்லாந்துக்கு இறக்குமதி செய்தது. சொந்த நாட்டுக்காரனே வெளியே போய்ச் செய்து உள்ளே கொண்டுவருகிறான் என்றால், வெளிநாட்டவராகிய நமக்கும் வழி அதுதான்: தாய்லாந்தில் விற்கலாம், டேங்க் வேறெங்காவது இருக்கட்டும். விற்கும்போது 2008-ஆம் ஆண்டு மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் மது விளம்பரத்தைத் தடுக்கும் 32-ஆவது பிரிவைப் படித்துவிட்டு விற்க வேண்டும். பீர் கிளாஸ் படத்தைப் பேஸ்புக்கில் போட்டவர்களுக்கெல்லாம் அபராதம் விழுந்த பிரிவு அது.

சிங்கப்பூர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சட்டம் தெளிவு, வங்கி தெளிவு, பங்கு முழுவதும் உங்களுடையது. ப்ரூவர்க்ஸ் 1997-லிருந்து இருக்கிறது. மரினா பேயில் 33-ஆவது மாடியில் தாமிரக் கொப்பரைகளோடு லெவல்33 2010-லிருந்து இருக்கிறது. அந்த மாடி எண்ணே பிரச்சினையைச் சொல்லிவிடுகிறது. இங்கே பீர் வியாபாரம் இல்லை, இடத்து வியாபாரம். வாடகை, ஆள் சம்பளம், வேலை அனுமதிக் கட்டணம் எல்லாம் போட்டால், பீர் நன்றாக இருப்பதால் மட்டும் எந்தக் கணக்கும் நேராகாது.

உள்ளூரில் காய்ச்சுவதால் வரியில் பெரிய சலுகையும் இல்லை. லிட்டருக்கு 60 வெள்ளி கலால் வரி உள்ளூர் பீருக்கும் உண்டு. இறக்குமதி பீருக்குக் கூடுதலாக 16 வெள்ளி சுங்கம். நம் பேல் ஏல் பாட்டிலுக்கு அது 24 காசு. 24 காசு மிச்சப்படுத்த இந்த ஊரில் டேங்க் வைக்க இடம் பிடிப்பவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். நல்ல சந்தை, விற்க வாருங்கள், காய்ச்ச வராதீர்கள்.

டேங்க் வாங்குவதா, அடுத்தவர் டேங்கில் காய்ச்சுவதா

நாட்டைவிட இந்த முடிவு பெரிது என்று சில நேரம் தோன்றும். கோபன்ஹேகனில் கணிதமும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த மிக்கல் போர்க் பியெர்சோ 2006-இல் மிக்கலர் என்ற பீர் நிறுவனத்தைத் தொடங்கியபோது சொந்த ப்ரூவரி கிடையாது. செய்முறை அவருடையது, டேங்க் மற்றவர்களுடையது; முக்கியமாக பெல்ஜியத்தின் டி ப்ரூஃப். அப்படியே உலகம் முழுக்க அறியப்பட்ட பெயராகிவிட்டார்.

இதன் சங்கடங்களும் தெரிந்தவையே. உங்களுக்கு வேண்டிய வாரத்தில் டேங்க் காலி இருக்காது. ஒரு தடவைக்கு ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர் என்று குறைந்தபட்சம் சொல்வார்கள். அது விற்காவிட்டால் உங்கள் தலையில். லாபத்தில் ஒரு துண்டை டேங்க்காரர் எடுத்துக்கொள்வார். ஜப்பானில் என்றால் காய்ச்சும் உரிமம் வேண்டாமே தவிர, கடைகளுக்கு விற்பதற்குத் தனியாக மது விற்பனை உரிமம் வேண்டும். இவ்வளவு இருந்தும், அந்நிய நாட்டில் முதல் இரண்டு வருடம் இதுதான் சரி என்பது என் கட்சி. துருப்பிடிக்காத எஃகு டேங்க், சில்லர், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் தரையில் போல்ட் அடித்து நிறுத்தியவை. விசா நீட்டிக்கவில்லை என்றாலோ வீட்டுக்காரர் வாடகையை இரட்டிப்பாக்கினாலோ அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அவசரத்தில் விற்றால் வாங்குகிறவர் பெரும்பாலும் பக்கத்துத் தெரு ப்ரூவரிக்காரர்தான்; அவருக்கு உங்கள் அவசரம் நன்றாகவே தெரியும்.

ஆனால் டேப்ரூம் மட்டும் முதல் நாளிலிருந்தே சொந்தமாக இருக்க வேண்டும். மற்றவர் மதுக்கூடத்துக்கு கெக் கொடுத்தால் கிடைக்கும் பணத்துக்கும், அதே கெக்கை உங்கள் கவுண்டரில் கிளாஸ் கிளாஸாக விற்றால் கிடைக்கும் பணத்துக்கும் உள்ள தூரம்தான் சிறு ப்ரூவரியின் ஆயுள். முக்கியமாக வியட்நாமில், இதில் எந்த விலைக்குச் சிறப்பு நுகர்வு வரி விழும் என்பதை முன்பே விசாரித்துவிட வேண்டும்.  சொந்த ப்ரூவரியிலிருந்து சொந்த டேப்ரூமுக்குக் கொடுக்கும் விலையை அடிமட்டத்தில் காட்டி விளையாடலாமா என்று உடனே ஒரு யோசனை வரும். வரித்துறைக்கும் அந்த யோசனை முன்பே வந்திருக்கிறது. அதற்கு விதி உண்டு.

ஆகவே என் வரிசை இது. ஜப்பானில் தங்க ஏற்கெனவே உரிமை இருக்கிறவர்: ஜப்பான், ஹப்போஷு உரிமம், சொந்தமாகச் சின்ன டேங்க். 6 கிலோலிட்டர் அளவில் மட்டும் நான் டேங்க் வாங்கச் சொல்வேன். புதிதாகக் கிளம்புகிறவர், கையில் ஒன்று ஒன்றரை லட்சம் டாலர்: வியட்நாம், சாய்கோனில் நடந்து போகும் தூரத்தில் டேப்ரூம், அடுத்தவர் டேங்கில் பீர். பீர் வகையை லேசாக, மூலப்பொருள் செலவு குறைவாக, மல்லிகை, பம்ளிமாஸ் மாதிரி உள்ளூரில் மலிவாகக் கிடைப்பதை வைத்து யோசிக்க வேண்டும். 13 சதவீத ஸ்டவுட் வருடத்தில் ஒரு தடவை கௌரவத்துக்குச் செய்துகொள்ளலாம். வரி 80-ஐத் தொடும் 2029-இல் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, சொந்த ப்ரூவரி தேவையா என்று அப்போது முடிவு செய்யலாம். தாய்லாந்து, பணத்தை ஏற்கெனவே நம்பிக் கொடுத்து வாங்கிப் பழகிய தாய் நண்பர் இருந்தால் மட்டும். நண்பரைத் தேடிக்கொண்டு போகிறவருக்கு அது வேண்டாம்.

நாடு முடிவாகாவிட்டாலும் இன்றைக்கே செய்ய முடிகிற ஒரு வேலை உண்டு. ஜப்பான், வியட்நாம், தாய்லாந்து மூன்றிலும் வணிகச் சின்னம் முதலில் பதிந்தவருக்குத்தான். பீர் பெயரை நண்பர்களிடம் சொல்லி, லேபிள் வரைந்து, பேஸ்புக்கில் பக்கம் திறந்து, ஒரு வருடம் கழித்துப் பதியப் போனால் அது வேறொருவர் பெயரில் இருக்கலாம். பீருக்கு 32-ஆம் வகுப்பு, டேப்ரூமுக்கு 43-ஆம் வகுப்பு. இரண்டிலும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். செலவு நாட்டுக்கு நாடு மாறும், வக்கீல் கட்டணம் தனி.